கதவின் அடியில்

எங்கள் கல்லூரிக்கு இணையவழித் தேர்வு மென்பொருள் வந்தபோது அதிகம் எரிச்சல்பட்டவள் நான்தான். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு அது நின்றிருந்தால், எக்கேடோ கெடட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் கட்டுரைக் கேள்வியையும் அதிலேயே ஏற்ற வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். "கட்டுரையை அதுவா மேடம் திருத்தப்போகுது? நீங்கதான் திருத்தப்போறீங்க. நீங்க ஒழுங்கா திருத்துறீங்களான்னு அது பார்த்துக்கும்" என்றார். தான் சொல்வதெல்லாம் நகைச்சுவை என்று அவருக்கு ஓர் எண்ணம் உண்டு.

கல்லூரி திருவொற்றியூரில் இருக்கிறது. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துத்திறன் என்ற பொதுத்தாளை நான் எடுக்கிறேன். வேதியியல், வணிகவியல், கணினி என்று எல்லாத் துறையினரும் அதில் இருப்பார்கள். பாதிப் பேருக்கு மீதிப் பேரின் முகமே தெரியாது. அந்தத் தாளை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, அதை எடுக்கிற என்னையும்தான். ஆனால் அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது.

கேள்வியைத் தட்டச்சு செய்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். அது ரூப்ரிக் கேட்டது. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று முன்கூட்டியே கட்டம் போட்டுச் சொல்லிவிடும் அட்டவணை. இடப்பக்கம் கருத்து, ஒழுங்கு, மொழி, சொந்த அனுபவம். மேலே சிறப்பு, நன்று, சுமார், போதாது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். சிறப்பான ஒழுங்குக்கும் நல்ல ஒழுங்குக்கும் என்ன வித்தியாசம் என்று எழுத உட்கார்ந்தால், இத்தனை காலமும் மனம் போன போக்கில் மதிப்பெண் போட்டு வந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். சொந்த அனுபவத்துக்கு மட்டும் நான் மற்றவற்றைவிட அதிக எடை கொடுத்தேன். அதில் சிறப்பு என்ற கட்டத்தில், "வேறு யாரும் எழுத முடியாத ஒரு நுணுக்கமாவது இருக்க வேண்டும்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்து அமைப்புகள். வெட்டி ஒட்ட முடியாதபடி செய்தேன். நேரம் முடிந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்தேன். ஒருவர் விடை இன்னொருவர் விடையை ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் இருந்தது. ஒத்திருந்தால் என்ன செய்வது என்று சில வழிகள் காட்டியது. நான் கடுமையானதையே எடுத்தேன்: மதிப்பெண்ணை நிறுத்தி வை, மூலம் யார் என்று ஆசிரியர் பதியும்வரை விடுவிக்காதே. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து கைபேசியில் எழுதப்போகிறார்கள். ஒருத்தி எழுதி வாட்ஸ்அப்பில் போட்டால் மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன. வெளியிட்ட பிறகு எதையும் மாற்ற முடியாது என்று ஓர் எச்சரிக்கை வந்தது. சரி என்று அழுத்தினேன்.

கேள்வி இதுதான்: உங்களை உறக்கத்திலிருந்து எழுப்பிய ஓர் ஓசையைப் பற்றி எழுதுக.

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். மாதா கோயில் மணி, கப்பலின் ஊதல், காசிமேட்டுக்குப் போகும் ஐஸ் வண்டி, அப்பாவின் இருமல் இவைதான் என்னை எழுப்பியவை. பிள்ளைகளும் இந்த மாதிரிதான் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். தண்ணீர் லாரி, அலாரம், பக்கத்து வீட்டுச் சண்டை. ஒருவன் தன் குறட்டையே தன்னை எழுப்பியதாக எழுதியிருந்தான். அவனுக்குச் சொந்த அனுபவத்தில் சிறப்பு போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்ததைத் திறந்தேன்.

மாத்தூரிலிருந்து வரும் வணிகவியல் மாணவி ஒருத்தி எழுதியது. "கதவின் அடியில் உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் யாரும் இல்லை." அந்த வரிகளின் கீழே, வேறு விடையோடு ஒத்திருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு ஓடியது. அடுத்தது மணலி புதுநகர்க்காரன். கதவின் அடியில், உள்ளங்கையால், திறந்தால் யாரும் இல்லை. மறுபடி சிவப்பு. அதற்கடுத்தவள் எண்ணூர். அவள் வீட்டில் கதவு தகரம், சத்தம் பெரிதாக இருந்ததாம். திறந்தால் யாரும் இல்லை.

பார்த்து எழுதுகிறவர்கள் நல்ல வாக்கியத்தைத்தான் திருடுவார்கள். இவர்கள் மற்ற எதிலும் ஒத்துப்போகவில்லை. ஒருத்தி வீட்டில் ஆடு கட்டியிருந்தது, ஒருவன் வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல். அந்தத் தட்டல் மட்டும் எல்லார் வீட்டிலும் ஒன்றாக இருந்தது. யாரும் இல்லை என்பதை ஒருவரும் ஆச்சரியமாக எழுதவில்லை. பால்காரர் வந்து போனார் என்பது போல எழுதியிருந்தார்கள். அப்போது பட்டப்பகல். ஆசிரியர் அறையில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. ஆனாலும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன்.

பேய், பிசாசு என்று பயப்படுகிற ஆள் இல்லை நான். எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிப்போம். அவர்கள் திரும்பி வந்து ஏதாவது செய்வார்கள் என்று எதிர்பார்க்க மாட்டோம்.

எல்லாருக்கும் முன்னால் விடையை அனுப்பியவளே மூலமாக இருக்கலாம் என்று மென்பொருள் சுட்டிக்காட்டியிருந்தது. அவள் உயிர்வேதியியல் மாணவி. எண்ணூரில் நெட்டுக்குப்பத்தையும் தாண்டி, முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு சின்னக் குப்பத்துப் பெண். தண்டையார்பேட்டையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். பட்டத்துக்கு இந்த ஒரு தாள்தான் பாக்கி. விடையை மற்றவர்களுக்குக் கொடுத்தவள் என்று பதிவானால் அடுத்த ஆண்டுதான் மறுபடி எழுத முடியும். அவள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் அவள். வேலை அதுவரை அவளுக்காகக் காத்திருக்காது.

விசாரணைக்கு அவளை அழைத்தோம். துறைத்தலைவர், துணை முதல்வர், நான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இந்த வரியை யாரும்மா உனக்குச் சொன்னது?" என்றார் துறைத்தலைவர்.

"யாரும் சொல்லல சார். அப்டித்தான் தட்டுவாங்க."

"யாரு தட்டுவாங்க?"

"முழிச்சவங்க."

பிறகு என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். அவர்கள் பக்கத்தில் சில சமயம் வாசனை வரும். எந்த ஆலை என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், வாசனை என்று மட்டும்தான் சொல்வார்கள். தூக்கத்தில் வந்தால் ஆபத்து. முதலில் விழித்தவர் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டைத் தட்ட வேண்டும். எல்லாரும் தரையில் படுப்பவர்கள். கதவின் அடியில் தட்டினால்தான் தலைமாட்டில் கேட்கும். தட்டிவிட்டு நிற்கக் கூடாது, போய்விட வேண்டும். எழுந்தவர் அடுத்த வீட்டைத் தட்டுவார். மணலியிலும் மாத்தூரிலும் அவளுடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் இதுதான் வழக்கமாம்.

"யாரு தட்டினதுன்னு திறந்து பார்க்க மாட்டீங்களா?" என்று நான் கேட்டேன்.

"பாத்துகினு நின்னா அடுத்த வூட்டை யாரு மிஸ் தட்டறது?"

துணை முதல்வர் தலையை ஆட்டினார். எனக்கும் மனசு ஆறியது. துறைத்தலைவருக்கு ஆறவில்லை. அவள் விடையைத் திரையில் கொண்டுவந்து கடைசிப் பத்தியைச் சத்தமாகப் படித்தார். "எங்கள் வீடுதான் வரிசையில் கடைசி. எங்களுக்கு அந்தப் பக்கம் வீடு இல்லை, சுவர்தான். ஆனாலும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்."

"பக்கத்து வீட்டுக்காரர் தட்டுவார்னு சொல்ற. அந்தப் பக்கம் வீடே இல்லைன்னும் எழுதியிருக்க. அப்ப எல்லாருக்கும் முன்னாடி உன் கதவைத் தட்டினது யாரு?"

அதுவரை நேராகப் பேசியவள் தரையைப் பார்த்தாள்.

"பாருங்க மேடம், கதை கட்டி எல்லாருக்கும் அனுப்பியிருக்கு" என்றார் அவர். திங்கட்கிழமைக்குள் மூலம் என்ற இடத்தில் அவள் பெயரைப் பதிந்து முடிக்கச் சொன்னார். நான் முதலில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். ஒரு கட்டுரைக்காக எண்ணூர் வரைக்குமா என்று சிரித்தார்.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே போகிறது. ஒரு பக்கம் வீடுகள், இன்னொரு பக்கம் சேறும் தண்ணீரும். சந்தின் முடிவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மதிற்சுவர். அதில் வாசலும் இல்லை, ஓட்டையும் இல்லை. கடைசி வீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் வெற்று நிலம், சாம்பல் படிந்து கிடந்தது. அங்கே ஒரு முள்செடிகூட முளைத்திருக்கவில்லை. வீடு அவள் எழுதியபடியேதான் இருந்தது. அதுவே எனக்குப் போதும், திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

அவள் அம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மீன் விற்கிறவள், காலை வியாபாரம் முடித்து வந்திருந்தாள். "வாங்க டீச்சர், உள்ளார வாங்க. சாம்பலு பறக்குது" என்று என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். வீட்டில் இருந்த கலர் சோடாவை உடைத்துக் கொடுத்தார்கள். நான் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தேன். அங்கிருந்து சந்து முழுவதும் தெரிந்தது. வெயிலில் ஒரு நாய்கூட இல்லை.

மகளின் வேலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இரத்தம் எடுக்கும்போது கை நடுங்காதா என்று நான் கேட்டேன். மீன் அறுத்துப் பழகின கை, நடுங்காது என்று அம்மா சொன்னாள். அப்போது கதவு தட்டப்பட்டது.

அடியில், தரையை ஒட்டி, உள்ளங்கையால். அவசரம் இல்லாமல், ஆனால் விடாமல். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தில் யாரும் வரவில்லை.

அம்மா கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து மூன்று துண்டுகளைக் குடத்தில் முக்கிப் பிழிந்தாள். ஒன்றை மகளிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தாள். கதவைத் திறந்தாள். அவள் பெருக்கிவிட்ட வாசலில் நாங்கள் உள்ளே வந்த தடங்கள் மட்டும் இருந்தன. சுவர்ப் பக்கத்துச் சாம்பலில் எந்தத் தடமும் இல்லை. என் வாயில் அருள் நிறைந்த மரியே என்ற ஜெபம் பாதி வந்து நின்றது. நான் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாத்த பாத்துகினு கீறீங்க டீச்சர்? அந்த வூட்டை தட்டுங்க" என்றாள் அம்மா. அவளும் மகளும் எனக்கு முன்னால் தூரத்து வீடுகளுக்கு ஓடினார்கள்.

நான் குனிந்து பக்கத்து வீட்டுக் கதவின் அடியில் உள்ளங்கையால் தட்டினேன். உள்ளே யாரோ புரண்டு எழும் சத்தம் கேட்டது. நிற்காமல் போய்விட்டேன். நாலைந்து வீடு தாண்டிய பிறகுதான் வாசனை வந்தது. முதலில் மூக்கில், அப்புறம் கண்ணில், அப்புறம் தொண்டையில். தட்டியவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

கட்டியிருந்த ஒரு படகில் கொடி பறப்பதைப் பார்த்து எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்தார்கள். கைக்குழந்தைகளும் கிழவர்களுமாகக் குப்பமே சாலையோரத்து டீக்கடை பக்கம் வந்து உட்கார்ந்தது. யாரும் பதறவில்லை. ஒருத்தர் டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கம்மி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் ஈரத்துண்டை முகத்திலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"யாரும்மா அது?" என்று அம்மாவிடம் கேட்டேன். மகள் எழுந்து தள்ளிப் போய்விட்டாள்.

அம்மா துண்டை மடியில் போட்டு மடித்தாள், பிரித்தாள். "அந்தாண்ட ஒரு வூடு இருந்துச்சு டீச்சர். ஒரு கெயவனும் கெயவியும். புள்ள குட்டி இல்ல. என் பொண்ணு அப்ப கைக்கொயந்த. அன்னிக்கி நான்தான் மொதல்ல முழிச்சிகினேன். இவளை தூக்கிகினு இந்தாண்ட தட்டிகினே ஓடினேன். அந்தாண்ட ஒரு வூடுதானே, திரும்பி வந்து தட்டிக்கலாம்னு நெனச்சேன்."

"வந்தீங்களா?"

"வரல."

டீ ஆறிப்போயிருந்தது. அவள் அதைக் குடித்து முடித்தாள்.

"அப்பால வூட்டை இட்ச்சு சொவரு எயுப்புனாங்க. அதுலேந்து அவங்கதான் டீச்சர் மொதல்ல முழிச்சிக்கிறாங்க."

ஆறுதலை அவள் என்னிடம் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. வாசனை போன பிறகு மீன் கூடையைக் கழுவ வேண்டும் என்று எழுந்து போனாள்.

திங்கட்கிழமை கணினி முன் உட்கார்ந்தேன். சிவப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. மூலம் என்ற பெட்டியை வெறுமையாக விட்டால் ஏற்கவில்லை. தெரியவில்லை என்று எழுதினாலும் ஏற்கவில்லை, ஒரு பெயர் வேண்டும் என்றது. எல்லாம் நான் தேர்ந்தெடுத்த கடுமைதான். அந்தப் பெண்ணின் பெயரை எழுதினால் அவள் வேலை போயிற்று. யோசித்துவிட்டு அவளுக்குப் போன் செய்து, அந்தக் கிழவர் கிழவியின் பெயர் என்ன என்று கேட்டேன். அவர்கள்தானே மூலம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, துறைத்தலைவரும் யார் எவர் என்று தேடிக்கொண்டு போகப்போவதில்லை. உண்மையைத்தான் எழுதுகிறேன் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அம்மா போனை வாங்கினாள். "அவங்க பேரு இன்னாத்துக்கு டீச்சர்?"

பொறுமையாக விளக்கினேன். காப்பி அடித்த விவகாரத்தில் முதலில் சொன்னவர் என்று ஒரு பெயர் போட வேண்டும், போட்டால் உங்கள் பெண் தப்பித்துவிடுவாள் என்றேன்.

"வாணாம்" என்றாள். "ஒரு தபா வுட்டுட்டு ஓடியாந்தேன். இப்ப காட்டிக் குடுக்க சொல்றீங்களா?"

"உங்க பொண்ணு வேலைம்மா."

"தெரியும் டீச்சர். வாணாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நானென்ன எனக்காகவா கேட்கிறேன் என்று போனை வைத்தேன். கோபம் போக வெகுநேரம் ஆயிற்று. பெண்ணின் வேலையை ஒரு தட்டிலும் செத்துப்போன இரண்டு பேரின் பெயரை இன்னொரு தட்டிலும் வைத்து, அவள் அவர்கள் பக்கம் நின்றுவிட்டாள். அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள்தான். இரண்டாவது முறையும் அவளை அப்படி ஓடச் சொல்வதற்கு நான் யார் என்று தோன்றியது.

மூலம் என்ற பெட்டியில் என் பெயரை எழுதினேன். குறிப்பில், "கேள்வியை விளக்கும்போது இந்த எடுத்துக்காட்டை வகுப்பில் நானே சொன்னேன்" என்று எழுதிப் பதிந்தேன். சிவப்பு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. மதிப்பெண்கள் வெளியே போயின. அந்தப் பெண்ணுக்குச் சொந்த அனுபவம் வரிசையில் சிறப்பு போட்டிருந்தேன். மொழியில் சுமார்தான், அதை மாற்றவில்லை.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம். அந்தப் பொண்ணை வேற நிக்க வச்சுக் கேட்டோம்" என்று துறைத்தலைவர் குறைபட்டுக்கொண்டார். மாதிரி வாக்கியங்களை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று எனக்கு ஒரு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அவள் வேலையில் சேர்ந்த அன்று அம்மா போன் செய்தாள். பெண் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறாளாம், எனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறாளாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்களுக்காக பொய் சொன்னீங்களாமே டீச்சர்?" என்றாள்.

"முழுப் பொய் இல்லம்மா. அன்னிக்கு உங்க பக்கத்து வீட்டை நான்தானே தட்டினேன்" என்றேன். லேசாகச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பின்னால் யாரோ மீன் விலை கேட்பது கேட்டது.

"அந்தாண்ட தட்டுனீங்களா?" என்றாள்.

அங்கே சுவர்தானே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். வாசனை வரப்போகிறது என்று தெரிந்தும் நானும் சாலைப் பக்கமாகத்தான் ஓடியிருந்தேன்.

"இல்லம்மா, தட்டல" என்றேன்.

"நானும்தான் டீச்சர்" என்றாள். "இன்னிவரைக்கும் எனக்கும் அந்தப் பக்கம் காலு போவல."